ஏற்றிச் செல்லும் வண்டியும் சிகிச்சை தரும் வண்டியும்

“நோயாளியை ஏற்றியாயிற்று, வண்டி இன்னும் ஏன் நகரவில்லை?” அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர் எம்மிடம் சினத்துடன் எழுப்பும் வினா இது. ஆம்புலன்ஸ் என்றாலே விரைந்து ஓடுவது என்றுதான் நாம் அனைவரும் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அவ்வெண்ணம் முற்றிலும் சரியாகவே இருந்தது. அது மாறியதற்கான காரணத்தை அமெரிக்க நகரங்கள் இரண்டின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் 1909-ஆம் ஆண்டு ஆற்றில் படகு கவிழ்ந்து இருவர் மூழ்கி இறந்தனர். அதைக் கண்ட சிறுவர்களுள் ஒருவர் ஜூலியன் வைஸ். அப்போது அவருக்கு வயது ஒன்பது. வளர்ந்து இரயில்வே ஊழியரான வைஸ், 1928-இல் தம்முடன் பணிபுரிந்த சிலரைச் சேர்த்து, ஊதியம் பெறாத உயிர்மீட்புக் குழு ஒன்றைத் தொடங்கினார். அந்நாட்டின் தன்னார்வ மீட்புக் குழுக்களுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது. பின்னர் ஊர்தோறும் இத்தகைய குழுக்கள் தோன்றின. கயிறு, ஏணி, விளக்கு, இரும்புக் கடப்பாரை, ஆக்சிஜன் உருளை ஆகியவற்றைச் சுமந்த அக்கால மீட்பு லாரிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. முதியோர் அவற்றை மிகுந்த பாசத்துடன் நினைவுகூர்வதுண்டு. அப்பாசம் தகுதியானதே. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அண்டை வீட்டாரின் வண்டியல்லவா அது!

ஆயினும் மீட்கப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது பெரும்பாலும் வேறொரு வண்டி. 1966-இல் அந்நாட்டில் வெளியான அறிக்கை ஒன்றின்படி, ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்திவந்தன. காரணம் எளியது: ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டு செல்லத்தக்க நீண்ட கார் அவர்களிடமே இருந்தது. காலையில் அமரர் ஊர்தியாகச் சென்ற வண்டியே மாலையில் நோயாளியையும் ஏற்றக்கூடும். பளபளப்பான அழகிய கார்கள்தாம். ஆனால் கூரையோ தாழ்ந்தது. நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் அமர இடமில்லை. பின்புறத்தில் நோயாளி தனியே கிடக்க, ஓட்டுநர் முன்னே விரைந்தார். வழியில் மூச்சு நின்றால் அறிவாரும் இலர்.

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் காவல்துறை வண்டிகளே நோயாளிகளை ஏற்றிச் சென்றன. அங்குப் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபார், செயற்கைச் சுவாச முறையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர். 1966-இல் அவருடைய மகள் ஆஸ்துமாவால் உயிரிழந்தாள். அடுத்த ஆண்டே, வேலையின்றி இருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்து நெடிய பயிற்சியளிக்கும் திட்டத்தில் அவர் முன்னின்றார். ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை அவ்வாறு உருவாயிற்று. உயர்ந்த கூரையும், தலைமாட்டில் உதவியாளருக்கு இடமும், உயிர்காக்கும் கருவிகளும் கொண்ட வண்டியே வேண்டும் என்பது சஃபாரின் கொள்கை. 1975-இல் நகராட்சி தனது சொந்தச் சேவையைத் தொடங்கி இதை முடிவுக்குக் கொண்டுவந்தது. இது அந்நகருக்குப் பெருமை சேர்த்த செயலன்று. எனினும் அங்கு உருவான பாடத்திட்டமே நாடு தழுவிய பயிற்சிக்கு அடிப்படையாயிற்று.

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 சேவையின் வண்டியும் இக்கருத்தின் வழிவந்ததே. அதனுள் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருகிறார். இனி அந்த வினாவுக்கு வருவோம். மூளைக்கு ஆக்சிஜன் செல்வது நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் நிலையான சேதம் தொடங்கக்கூடும். மருத்துவமனை இருபது நிமிடத் தொலைவில் இருப்பின், வேகம் மட்டும் அவரைக் காக்காது. ஓடும் வண்டியில் மார்பை அழுத்தி இதயத்தை இயக்குவது கடினம்; அழுத்தத்தின் ஆழம் குறையும், கை நழுவும். எனவேதான் சில வேளைகளில் வண்டியை நிறுத்தி வைத்தே மூச்சுப்பாதையைச் சீராக்குகின்றனர், இரத்தப்போக்கைக் கட்டுகின்றனர். எல்லா நோய்க்கும் இவ்விதி பொருந்தாது. பக்கவாதத்திலும் உள்ளுறுப்பு இரத்தக்கசிவிலும் ஒவ்வொரு நிமிடமும் மருத்துவமனையை நோக்கியே செலவாக வேண்டும். எது எப்போது என்பதை உதவியாளர் முடிவு செய்ய இடங்கொடுங்கள்.

வண்டி வருமுன் நீங்கள் செய்யத்தக்கவையும் உள. தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். உண்டுவரும் மருந்துகளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதச் சிகிச்சையில் நாங்கள் முதலில் கேட்பது அதுவே. நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உதவியாளர் கேட்கும்போது ஒருவர் மட்டும் விடையளியுங்கள். பலர் ஒருசேரப் பேசினால் முக்கியமான செய்தி அவர் செவிக்கு எட்டாமற் போகும்.