படகு மோட்டாருக்கு லாரி பேட்டரி போடலாமா? பாதி சார்ஜில் கரை திரும்பினால் பேட்டரியும் தப்பும், ஆளும் தப்பலாம்!

தூத்துக்குடி,

பெரிய கப்பல்களை துறைமுகத்துக்குள் இழுத்து வரும் 'டக்' படகுகள் இனி டீசலை விட்டு பேட்டரிக்கு மாறப்போகின்றன. மத்திய அரசின் பசுமை டக் திட்டத்தில் முதல் கட்டமாக 4 துறைமுகங்கள் தேர்வு செய்யப்பட்டன. அதில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. 2027 டிசம்பருக்குள் ஒவ்வொரு துறைமுகமும் குறைந்தது 2 பசுமை டக்குகளை வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ வேண்டும் என்பது திட்டம்.

பெரிய படகின் கதை அது. சின்ன வள்ளத்தில் மாட்டும் எலக்ட்ரிக் மோட்டார்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. சத்தம் இல்லை, புகை இல்லை, பெட்ரோல் செலவு இல்லை. ஆனால் மோட்டாரை வாங்கியவுடன் வரும் முதல் கேள்வி இதுதான். "அண்ணாச்சி, லாரி பேட்டரி சும்மாதானே கிடக்கு, அதையே மாட்டிட்டா என்ன?"

மாட்டக்கூடாது. ஏன் என்பதை பார்ப்போம்.

கேரளாவில் ஓடுகிறதே?

கேரள மாநிலம் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற சூரிய சக்தி படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் பயணம் செய்யலாம். உள்ளே இருப்பது 50 யூனிட் மின்சாரம் பிடிக்கும் லித்தியம் பேட்டரி. அது வேம்பநாட்டுக் காயலில், குறுகிய தூரத்தில், இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வருகிற படகு. எவ்வளவு தூரம், எத்தனை நடை என்று கணக்கு போட்டு பேட்டரி வைத்தார்கள். அதனால் ஓடுகிறது.

நம் கடலில் ஆழ்கடல் போகும் பைபர் படகுக்கு அதே கணக்கை போட்டால் தலை சுற்றும். 10 குதிரை சக்தி மோட்டார் முழு வேகத்தில் ஓட சுமார் 7 கிலோவாட் வேண்டும். 4 மணி நேரம் ஓடினால் 28 யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அது 0.9 யூனிட். அப்படியானால் 32 பேட்டரி ஏற்ற வேண்டும். ஒன்று 55 கிலோ என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் டன்! மீன் எங்கே வைப்பது, ஆள் எங்கே உட்காருவது?

எனவே பேட்டரி மோட்டார் இப்போதைக்கு கரையை ஒட்டிய வேலைக்குத்தான் சரி. ஆற்று முகத்துவாரம், கழிமுகம், கரையோர நண்டு வலை போன்ற வேலைகளுக்கு பயன்படும்.

லாரி பேட்டரி ஏன் ஆகாது?

லாரி பேட்டரியின் வேலை இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. சில வினாடிகளுக்கு மட்டும் பெரும் கரண்டை கொட்டும். பிறகு இன்ஜினே அதற்கு சார்ஜ் ஏற்றிவிடும். இதற்காக உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள்.

படகு மோட்டார் அப்படி அல்ல. மணிக்கணக்கில் நின்று நிதானமாக உறிஞ்சும். பேட்டரி அடிமட்டம் வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மெல்லிய தகடு இதை தாங்காது. மருந்து உதிர்ந்து அடியில் படியும். சில மாதத்திலேயே பேட்டரி 'டொக்' ஆகிவிடும்.

இந்த வேலைக்கென்றே இருப்பவைதான் 'டீப் சைக்கிள்' பேட்டரிகள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டியூபுலர் பேட்டரி அந்த ஜாதிதான். கரண்ட் கட் நேரத்தில் பேன் ஓட்டுகிறதே, அதே பேட்டரி. மருந்தை குழாய்க்குள் அடைத்திருப்பதால் சீக்கிரம் உதிராது.

150 என்று எழுதியிருந்தால்...

பேட்டரி மேல் 150 ஏ.எச். என்று இருக்கும். பக்கத்தில் 'சி20' என்று போட்டிருந்தால், 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்று அர்த்தம். 'சி10' என்று போட்ட 150 ஏ.எச். பேட்டரிக்கு திராணி அதிகம்.

சின்ன மோட்டார் ஒன்று முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதக் கணக்குப்படி 3 மணி நேரம் ஓட வேண்டும். ஆனால் வேகமாக இழுத்தால் பேட்டரி அவ்வளவு தராது. 2 மணி நேரம் சொச்சம்தான். அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். மிச்சம் 1 மணி நேரம்!

அந்த 1 மணி நேரத்தை மூன்றாக பிரிக்க வேண்டும். போக 20 நிமிடம், வர 20 நிமிடம், காற்றுக்கு 20 நிமிடம். ஆடி மாதத்து மேல்காற்று தூத்துக்குடி கரையில் படகை கடலுக்குள்தான் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போது எதிர்காற்று. நடுவில் பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் படகு மாதிரி பக்கத்து வள்ளத்தில் ஒரு கேன் கடன் வாங்க முடியாது. துடுப்பு படகில் இருந்தே ஆக வேண்டும்.

வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை குறைத்தால் கரண்ட் செலவு ஏறக்குறைய பாதியாகும். அவசரப்படாதவருக்கு பேட்டரி கூட நேரம் உழைக்கும்.

வாங்கும்போது கவனிக்க

* மோட்டார் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று முதலில் பார்க்கவும். 24 என்றால் 2 பேட்டரியை தொடராக இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வயது இருக்க வேண்டும். பழசோடு புதுசை சேர்த்தால் பழசு புதுசையும் கெடுக்கும்.

* தயாரித்த மாதத்தை பார்க்கவும். கடையில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி வேண்டாம்.

* அலையில் படகு ஆடும். ஆசிட் சிந்தாத, மூடி திறக்காத சீல் பேட்டரி என்றால் நல்லது.

* பேட்டரியை பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து கயிறால் இறுக்கி கட்டவும். படகின் அடித்தண்ணீர் படாத உயரம் வேண்டும். பேட்டரிக்கு பக்கத்திலேயே பியூஸ் கட்டாயம்.

சார்ஜ் போடுவது எப்படி?

கரைக்கு வந்த அன்றே சார்ஜ் போட வேண்டும். "நாளைக்கு பாத்துக்கலாம்" என்று காலியாக போட்டு வைத்தால் தகட்டில் வெள்ளை உப்பு இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது.

பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 150 ஏ.எச்.சுக்கு 15 ஆம்பியர் சார்ஜர். ராத்திரி போட்டால் காலையில் தயார். பாதி இறங்கிய பேட்டரிக்கு செலவு 1 யூனிட்டை ஒட்டித்தான் வரும். நிறைந்ததும் தானாக குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் சார்ஜரே நல்லது.

சார்ஜை நிறுத்தி 2 மணி நேரம் ஆறவிட்டு மீட்டர் வைத்து பாருங்கள். 12.5 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் முழுசு. 12.2 என்றால் பாதி. 11.9க்கு கீழே என்றால் காலி.

மூடி உள்ள பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் கூடவே கூடாது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றினால் ஆசிட் பொங்கி வழியாது. உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். துடைத்துவிட்டு வாசலின் தடவினால் போதும்.

உயிருக்கு ஆபத்து

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பூட்டிய அறையில், அடுப்பு பக்கத்தில் சார்ஜ் போடக்கூடாது. பீடி, சிகரெட் கிட்டே வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பை கழற்ற வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. கடல் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். உலகப் போர்களில் நீர்மூழ்கி கப்பல் வீரர்களை பயமுறுத்திய வாயு இது. கடல் தண்ணீர் புகுந்த பேட்டரியில் இருந்து மூக்கை எரிக்கும் நெடி வந்தால், காற்று வரும் பக்கமாக விலகி நிற்க வேண்டும். குனிந்து பார்க்கக்கூடாது. அந்த பேட்டரிக்கு மறுபடி சார்ஜும் போடக்கூடாது.

லித்தியம் வாங்கலாமா?

முதல் விலை அதிகம். ஆனால் 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12, 13 கிலோதான். அதில் 80 வரை தைரியமாக எடுக்கலாம். 55 கிலோ டியூபுலர் செய்யும் வேலையை இது செய்துவிடும். பல வருடம் உழைக்கும். ஆனால் இதற்கு என்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும். பழைய இன்வெர்ட்டர் சார்ஜர் ஆகாது. கடல் தண்ணீரில் மூழ்கிய லித்தியத்துக்கு சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம்.

செத்த பேட்டரியை கரையில் உடைத்து ஆசிட்டை கொட்டக்கூடாது. ஈயம் மண்ணிலும் கடலிலும் கலக்கும். குழந்தைகளுக்குத்தான் அதிக கேடு. 2022ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியை திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள்.