இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

காசநோய்க்கு மருந்து உண்டு, அரசு மருத்துவமனையில் அது இலவசம் என்பது நாம் அறிந்ததே. பிறகு ஏன் சிலருக்கு அந்த மருந்து கேட்பதில்லை?

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதை மட்டும் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறினார்கள்; சில மாதங்களில் பலருக்கு நோய் மீண்டும் முற்றியது. அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகிவிட்டதை 1948-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது.

இது சாதாரணப் பெருக்கல் கணக்குதான். ஐசோநயாசிட் மருந்துக்கு அடங்காத கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று தானாகவே பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு பொத்தலிலேயே பல கோடிக் கிருமிகள் இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் மற்றவை செத்து, அடங்காதது மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டுக்கும் சேர்ந்து அடங்காத கிருமி வேண்டுமென்றால்? 1 போட்டு 14 சைபர் போடுங்கள், அதில் ஒன்று! அத்தனை கிருமி ஓர் உடம்பில் இருப்பது அரிது. அதனால்தான் முதல் 2 மாதம் 4 மருந்துகளும், அடுத்த 4 மாதம் 3 மருந்துகளும் தருகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதும் என் வேலைதான். கொத்தனாரான என் அப்பா 3-வது மாதத்தில், "இருமல்தான் நின்னு போச்சேடா, வயித்தைப் பிரட்டுது, இனி எதுக்கு மாத்திரை?" என்றார்.

"தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சிடுவியாப்பா? மேலே காஞ்சாப்லதானே இருக்கு?" என்று கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களில் சாகின்றன, இருமல் குறைகிறது. உறங்கிக் கிடப்பவை மிச்சம் இருக்கின்றன. மீதி மாதங்கள் அவற்றுக்காகத்தான். வயிற்றுப் பிரட்டலை டாக்டரிடம் சொன்னோம்; அதற்கும் வழி செய்தார்.

மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளர இடம் கிடைக்கும். அது இருமல் வழியே வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும். அந்தக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே ஐசோநயாசிட்டும் ரிஃபாம்பிசினும் பலிக்காமல் போகலாம். அப்படிப்பட்ட நோய்க்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டது. 2024-ல் நம் நாட்டில் 6 மாதப் புதிய சிகிச்சைக்கு அனுமதி கிடைத்திருந்தாலும், அது எல்லோருக்கும் பொருந்தாது.

வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956-ல் தொடங்கிய சென்னை சேத்துப்பட்டு ஆய்வு மையம். ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இம்மாத்திரை சாப்பிட்டால், "இன்னிக்குப் போட்டாச்சா?" என்று தினமும் கேளுங்கள். படித்த நாம் செய்யக்கூடிய உதவி இது!

- இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை