மூடியிருப்பது நல்ல கண்

ஒத்தக்கடையில், ஆனைமலை அடிவாரத்து இல்லமொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தோம். இரண்டு வயதுச் சிறுமியொருத்தி, ஒரு கண்மேல் ஒட்டுப் போட்டவளாய்த் தாயின் மடியில் அழுதுகொண்டிருந்தாள். "அறுவை செய்த கண் விரைவில் ஆறிவிடும், அம்மா" என்று தேற்றினோம். தாயோ, "மூடியிருக்கிறது நல்ல கண்ணு சாமி. ஆபரேசன் செஞ்ச கண்ணு திறந்துதான் இருக்கு" என்றார். நம் அறியாமை நமக்குப் புலப்பட்டது. அண்டை வீட்டாரும் உண்மையறியாது, பார்வையுள்ள கண்ணையும் பாழாக்குவதாகத் தம்மைக் கடிந்துகொள்வதைச் சொல்லி அவர் கண் கலங்கினார். அந்தத் தாயின் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

கண்புரை முதியோர்க்கு மட்டும் வருவதன்று. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கண்ணின் வில்லையில் வெண்மை படர்ந்திருக்கும். அது பரம்பரையாய் வருவதுண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ருபெல்லா நோய் கண்டால் வருவதுமுண்டு. இத்தொடர்பை 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துரைத்தார். 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. பல குழந்தைகளிடத்தில் காரணமே விளங்குவதில்லை. ஆகவே, பெற்றோரின் பாவமென்றோ கிரகணத்தின் கேடென்றோ எவரையும் பழித்தல் தகாது.

அறுவையால் புரை நீங்கும். ஆயினும் பார்வை அன்றே முழுமையடைவதில்லை. கண் அனுப்பும் உருவங்களைக் கொண்டு, முதல் சில ஆண்டுகளில் மூளை பார்க்கக் கற்கிறது. ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர் இருவர், பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண் பழுதின்றி இருந்தும், மூளை அதனை ஏற்கவில்லை. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக இவர்கள் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

குழந்தைக்கும் அவ்வாறே. நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், அறுவை செய்த கண்ணை மூளை ஒதுக்கிவிடும். ஆதலால் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மூடி, மற்றதற்கு வேலை கொடுக்கின்றனர். எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரே வரையறுப்பார். குறைத்தால் பயனில்லை, மிகுத்தால் நல்ல கண்ணுக்கும் தீங்கு நேரலாம். கண்ணாடி கொடுத்திருந்தால் அதையும் தவறாது அணிவிக்க வேண்டும். இப்பணி பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்.

1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஒத்தக்கடையிலிருந்து பேருந்தேறிச் செல்லும் தொலைவில்தான் உள்ளது. ஆனால் எந்த மருத்துவமனையும் வீட்டுக்கு வந்து ஒட்டைக் காவல் காக்க இயலாது. அது குடும்பத்தாரின் கடமை.

பெற்றோரே, குழந்தையின் கண்மணியில் வெண்மை தென்பட்டால் காலந்தாழ்த்தாதீர்கள். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ கண்ணில் விடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின், பிறந்த ஆறு வாரங்களையொட்டி அறுவை செய்வதே சிறந்தது என்பர்.

நாம் விடைபெறுகையில், அழுகை பொறாத பாட்டி ஒட்டை நீக்கக் கையெடுத்தார். தாய் அவரைத் தடுத்து, சிவப்பு வளையல் ஒன்றைத் தரையில் உருட்டினார். சிறுமி அழுகையை நிறுத்தி, அதனைத் தேடித் தவழ்ந்து பற்றினாள். இனி ஒட்டுப் போட்ட குழந்தையைக் கண்டால் 'ஐயோ பாவம்' என்னாது, அதன் தாயிடம் ஒரு நல்வார்த்தை சொல்வோமாக.