மடைத்தொழிலும் மடைக்கலைஞரும்

தமிழில் வாழ்விழந்த சொற்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று 'மடையன்' என்பது. மடை என்றால் சோறு, படையலும் மடையே. மடை ஆக்குவோன் மடையன். அவன் தொழில் செய்த இடம் மடைப்பள்ளி. மடைப்பள்ளி என்னும் சொல் இன்றும் கோயில்களில் மதிப்போடு வழங்குகிறது. அங்கே நின்று உழைத்தவனைக் குறித்த சொல்லோ வசையாகிவிட்டது. அறிவிலியைக் குறிக்கும் 'மடையன்' மடம் என்னும் வேரிலிருந்து வந்த வேறு சொல் என்று அகராதிகள் பிரித்துக் காட்டும். அது உண்மையாகவே இருக்கட்டும். ஒரே ஒலியுடைய இரு சொற்களில் நாம் எதைக் கைவிட்டோம், எதை நாவில் வைத்துக்கொண்டோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர் சேர்க்கையின்போது நாம் கண்ட ஒரு காட்சி இச்சொல்லை நினைவூட்டியது. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மாணவர் 'தந்தையின் தொழில்' என்னும் கட்டத்திற்கு வந்ததும் எழுதுகோலை நிறுத்தினார். சற்றுத் தயங்கியபின் 'வியாபாரம்' என்று எழுதினார். அருகிலேயே தந்தையார் நின்றிருந்தார். அவர் ஒரு பண்டாரி. கடற்கரையோர ஊர்களில் திருமண விருந்துக்குச் சோறாக்கும் தலைமைச் சமையற்காரரைப் பண்டாரி என்றே அழைப்பது வழக்கம். வேறு இடங்களில் மாஸ்டர் என்பார்கள். எம் இல்லத் திருமணம் ஒன்றில் எண்ணூறு பேர் அவர் கைச்சோற்றை உண்டிருக்கிறார்கள். மகன் எழுதியதை அவரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இம்மலரில் சொல்ல முயல்கிறோம்.

சமையலை நம் முன்னோர் கலையாக மதிக்கவில்லை என்று கூறிவிட முடியாது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து, மடைநூல் வழுவாமல் சமைக்கப்பட்டது என்று நல்லூர் நத்தத்தனார் பாடுகிறார். அந்த நூலைச் செய்தவன் வீமன். ஆனால் புலவர் அவனைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. காண்டவ வனத்தை எரியூட்டிய அருச்சுனனின் தமையன் என்று தம்பியின் புகழைக் கொண்டே அடையாளம் காட்டுகிறார். மற்றொரு வல்லுநன் நளன். 'நளபாகம்', 'வீமபாகம்' என்று இன்றும் பேசுகிறோம். இவ்விருவரும் பிறர்க்குச் சமைத்துப் போட்ட காலம் எது? ஒருவன் விராடனின் அரண்மனையில் மாற்றுப் பெயரில் ஒளிந்திருந்தான். மற்றவன் உருவும் பெயரும் மாறி இருதுபன்னனிடம் பணி செய்தான். அரசனாகவும் வீரனாகவும் இருந்தபோது பெயர் இருந்தது. அடுப்படிக்கு வந்தபோது பெயர் மறைந்தது.

எனினும் நளன் கதையில் ஒரு நுட்பம் உண்டு. தமயந்தி தன் கணவனை முகத்தால் அறியவில்லை, முகம் மாறியிருந்தது. அவன் ஆக்கிய உணவைச் சிறிது கொண்டுவரச் செய்து சுவைத்துப் பார்க்கிறாள், ஐயம் தீர்கிறாள். எழுதுவோர்க்கு நடை என்று ஒன்று இருப்பது போலச் சமைப்போர்க்கும் உண்டு என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுவதில்லை. கைம்மணம், கைப்பக்குவம் என்று நாம் சொல்வதெல்லாம் அதைத்தான்.

வடக்கே லக்னோ நகரம் இந்த நடையைப் போற்றிய ஊர். அந்நகரின் பழைய வாழ்வை எழுதிவைத்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் (1860–1926) ஒரு செய்தி கூறுகிறார். நவாப் ஆசஃப் உத் தௌலாவிடம் ஒரு சமையற்காரர் வேலை கேட்டு வந்தார். என்ன ஆக்குவாய் என்று கேட்டதற்குப் பருப்பு மட்டும் என்றார். மாதம் ஐந்நூறு ரூபாய் ஊதியம் கேட்டார். அக்காலத்தில் அது எத்தகைய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே ஒரு நிபந்தனை: பருப்பு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஆயிற்று என்று தாம் சொன்னவுடன் நவாப் வந்து உண்ண வேண்டும். நவாபும் இசைந்தார். சில மாதங்கள் கழித்துப் பருப்பு ஆக்கச் சொன்னார். ஆயிற்று என்று செய்தி வந்தபோது அவர் உரையாடலில் இருந்தார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செய்தி வந்தது, நவாப் எழவில்லை. சமையற்காரர் பானையைத் தூக்கிப்போய்ப் பட்டுப்போன ஒரு மரத்தின் வேரில் கவிழ்த்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். சில நாட்களில் அந்த மரம் தளிர்த்ததாம்.

மரம் தளிர்த்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பதம் என்பது ஒரு நொடிக்குரியது என்பதும், அந்த நொடியை மதியாதவர்க்குப் பரிமாறுவதில்லை என்று ஒருவர் முடிவெடுத்தார் என்பதுமே நாம் கொள்ள வேண்டியவை. பணிவோடு கைகட்டி நிற்க வேண்டிய தொழில் என்று நாம் எண்ணும் ஒன்றில் இத்தனை தன்மதிப்பு இருந்திருக்கிறது. ஆனால் இக்கதையிலும் நவாபுக்குத்தான் பெயர் உண்டு.

அதே நவாபின் காலத்தோடுதான் 'தம்' முறையையும் இணைத்துச் சொல்வார்கள். 1784-இல் அவத் நாட்டில் கடும் பஞ்சம். மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக நவாப் பெரிய இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கினார். இரவும் பகலும் உழைத்தவர்களுக்கென்று பெரும் பாத்திரங்களில் அரிசியும் இறைச்சியும் காய்களும் இட்டு, வாயை மாவால் அடைத்து, தணலின்மேல் வைத்தார்கள். அதன் மணம் நவாபையே ஈர்த்து, அரண்மனைக்குள் கொண்டு சேர்த்தது என்பது வழிவழி வரும் செய்தி. தம் முறையின் கடுமை எங்கே இருக்கிறது என்பதை அடுப்படியில் நின்றவர்களே அறிவர். மற்றச் சமையலில் இடையிடையே சுவைத்துப் பார்த்துத் திருத்தலாம். இதில் மூடியபின் திருத்த வழியில்லை. உப்பு, நீர், அரிசியின் வேக்காடு, இறைச்சியின் இளமை முதிர்ச்சி அனைத்தையும் மூடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பின்பு மூக்கும் காதும்தான் துணை.

இந்த முறையை நம் காலத்தில் உலகறியச் செய்தவர் லக்னோவில் 1931-இல் பிறந்த இம்தியாஸ் குரேஷி. பரம்பரையாகச் சமையல் செய்த குடும்பம். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. ஒன்பதாம் அகவையிலேயே அடுப்படிக்கு வந்துவிட்டார். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது படைவீரர்களுக்குச் சமைத்தவர்களில் அவரும் ஒருவர். முதலமைச்சராக இருந்த சி. பி. குப்தா, பிரதமர் நேருவுக்கு அளித்த விருந்து ஒன்றைப் பற்றியும் சொல்வார்கள். குப்தா புலால் உண்ணாதவர். விருந்தும் சைவமாகவே இருக்க வேண்டும். குரேஷி பலாக்காயையும் தாமரைத் தண்டையும் கொண்டு, பார்வைக்கு மீனும் கபாபும் போலத் தோன்றும் பண்டங்களைச் செய்து வைத்தாராம். கட்டுப்பாடு வந்த இடத்தில்தான் அவருடைய கற்பனை விரிந்தது. வெண்பாவின் தளைக்கு உட்பட்டு எழுதுபவனுக்கு இது புரியும்.

1970-களின் பிற்பகுதியில் அவர் ஐ.டி.சி. நிறுவனத்தின் ஓட்டல்களில் சேர்ந்தார். டில்லி மௌரியாவில் 'தம் புக்த்' என்னும் உணவகம் அவருடைய கைவண்ணத்தால் புகழ் பெற்றது. 2016-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 2024 பிப்ரவரியில் மறைந்தார். ஒன்பது வயதில் அடுப்படிக்கு வந்தவரை நாடு பெயர் சொல்லி அழைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மேலைநாட்டிலும் இத்தொழிலின் வரலாறு ஏழைச் சிறுவர்களிடமிருந்தே தொடங்குகிறது. பாரிஸ் நகரில் பெற்றோரால் சிறுவயதிலேயே கைவிடப்பட்டு ஒரு சிற்றுணவகத்தில் எடுபிடியாக வளர்ந்தவர் கரேம். பின்னர் பேக்கரி ஒன்றில் பயிற்சி பெற்றபோது நூலகத்திற்குச் சென்று கட்டடக்கலை நூல்களின் படங்களைப் பார்த்து வரைவார்; அவற்றையே சர்க்கரையாலும் மாவாலும் கோபுரங்களாக எழுப்புவார். பிற்காலத்தில் அரசர்களும் அமைச்சர்களும் அவரைத் தேடினர். 1833-இல் இறக்கும் முன் தம் கலையைப் பல நூல்களாக எழுதிவைத்தார்.

எஸ்காஃபியே (1846–1935) சிற்பியாக விரும்பியவர். பதின்மூன்றாம் வயதில் நீஸ் நகரில் மாமாவின் உணவகத்தில் விடப்பட்டார். கூச்சலும் குடியும் நிறைந்த அடுப்படிகளையே அவர் கண்டார். தாம் தலைமை ஏற்ற இடங்களில் கூச்சலையும் குடியையும் தடுத்தார். சாறு, வறுவல், மீன், இனிப்பு, குளிர்ந்த உணவு எனப் பிரிவுகளாக வேலையைப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்தார். இன்று எந்தப் பெரிய ஓட்டலிலும் கமி, செஃப் டி பார்ட்டி, சூ செஃப், எக்ஸிக்யூட்டிவ் செஃப் என்று படிப்படியாக நிற்கும் வரிசை அவர் வகுத்த முறையின் வழிவந்ததே. 1903-இல் வந்த அவருடைய நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் செய்முறைகள் உள்ளன. அவர் படைத்த பண்டங்களுள் பெரும்புகழ் பெற்றது 'பீச் மெல்பா'. மெல்பா என்பது அவர் சிறப்பிக்க விரும்பிய பாடகியின் பெயர். பாடகியின் பெயர் பண்டத்தில் நிலைத்தது. ஆக்கியவர் பெயரை உண்பவர் பலர் அறியார்.

இது ஓர் அடிப்படைச் சிக்கல். கவிதை எழுதினால் காப்புரிமை உண்டு. பாட்டுக்கு மெட்டமைத்தால் உண்டு. சமையல் நூலின் வாசகத்திற்குக்கூட உண்டு. ஒரு பண்டத்தைப் புதிதாகப் படைத்தவருக்கு அப்பண்டத்தின்மேல் அத்தகைய உரிமை இல்லை. மறுநாளே அடுத்த தெருக் கடையில் அது வேறு பெயரில் விற்கலாம். படைப்பும் உண்டவுடன் மறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று ஒருவர் முனைவது வியப்புக்குரியது.

பெண்களின் நிலை இன்னும் விந்தையானது. வீட்டுச் சமையல் அவர்களுடையது. ஊதியம் தரும் சமையல் ஆண்களுடையது. பண்ணை வேலையும் வீட்டு வேலையும் செய்து வளர்ந்த யூஜெனி பிராசியே என்னும் பிரெஞ்சுப் பெண் 1933-இல் தம் இரு உணவகங்களுக்கும் மிஷெலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். நம்மிடையே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டு, வாய்வழி அறிவை அளவு குறித்து அச்சேற்றினார். இலக்கிய வரலாறுகளில் அந்நூலுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படாதது தமிழ்த்துறையினராகிய நமது குறையே.

இன்று இத்தொழிலுக்குக் கல்விவழி இருக்கிறது. லீலாவதி முன்ஷி முன்னின்று 1954-இல் மும்பையில் தொடங்கிய நிறுவனமே நம் நாட்டு ஓட்டல் மேலாண்மைக் கல்விக்கு முன்னோடி. சென்னைத் தரமணியிலும் மைய அரசு சார்ந்த நிறுவனம் உள்ளது. நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம்; கப்பலிலும் வெளிநாட்டிலும் வேலை உண்டு. ஆயினும் பட்டத்தோடு செல்பவரும் வெங்காயம் நறுக்கும் படியிலிருந்தே தொடங்க வேண்டும். நாள் முழுதும் நிற்க வேண்டும். சூடு உண்டு, வெட்டுக்காயம் உண்டு. பிறர் பெருநாள் கொண்டாடும்போது நமக்கு வேலைநாள். இவற்றை மறைத்து மாணவரை அனுப்புவது நேர்மையன்று.

வரிசைமுறை படைப்பாற்றலைக் கொன்றுவிடும் என்று சிலர் கூறுவர். அதில் பாதி உண்மை உண்டு. ஒரே பிரிவில் பத்தாண்டு நின்று அலுத்தவர்களை நாமும் அறிவோம். ஆனால் பண்டாரியின் வழியும் அதுதானே. பாத்திரம் கழுவுதல், பூண்டு உரித்தல், விறகு தள்ளுதல், பிறகு கரண்டி. உப்புப் போடும் பொறுப்பு கடைசியாகத்தான் கைக்கு வரும். கை அறிந்தபின்தான் மனம் புதியதைத் தேட முடியும். பட்டம் பெற்றவருக்குக் கணக்கும் சுகாதாரமும் உலகச் சமையலும் தெரியும். ஐம்பது படி அரிசியை விறகடுப்பில் குழையாமல் இறக்கத் தெரியாது. பண்டாரிக்கு அது தெரியும். தெரிந்ததை எழுதத் தெரியாது. இருவரையும் ஒரே வீட்டில் காண்பது அரிது என்றே எண்ணியிருந்தோம்.

விண்ணப்பத்தில் 'வியாபாரம்' என்று எழுதிய மாணவர் பட்டம் பெற்றபின் அண்மையில் எம்மைக் காண வந்தார். கையில் ஒரு நீள நோட்டு. தந்தையின் அளவுகளைக் குறித்து வருகிறாராம். "வாப்பாவிடம் எவ்வளவு உப்பு என்று கேட்டால் 'ரெண்டு கை' என்கிறார்கள். அதனால் அள்ளியதைத் தராசில் போடச் சொன்னேன், சார். மூன்று தடவை அள்ளினார்கள். மூன்று தடவையும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றது" என்றார். மகனுக்கு வியப்பு, தந்தைக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லையாம், தராசு சரியாகத்தான் இருக்கிறது என்றாராம். பதினான்கு பக்கங்கள் நிரம்பியிருந்தன. தம் உடைக்கும் நேரத்தை எப்படி எழுதுவது என்பதுதான் பிடிபடவில்லை என்றார். மணம் மாறும்போது என்று தந்தை சொல்கிறார். எந்த மணம் எதுவாக மாறுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் நோட்டில் வெறுமையாக விட்டிருந்தார். வரும் மாதம் நடைபெறும் திருமணத்திற்குத் தந்தையோடு தேக்சா அருகிலேயே நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.