பழைய வீட்டுக்குப் புதுப் பூச்சு: வடசென்னைச் சுவர்கள் ஏன் உரிகின்றன?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரே புகார்தான். "போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சோம், அதுக்குள்ள உரிஞ்சு தொங்குது." காரணமும் தயாராக இருக்கும்: கடல் காத்து. கடல் காற்று உண்மைதான். ஆனால் எண்பது, நூறு வருஷம் அதே காற்றில் நின்ற சுவர், கடைசி பதினைந்து இருபது வருஷமாக மட்டும் ஏன் இப்படிப் பொரிந்து கொட்டுகிறது?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது காலடிப்பேட்டையில் இருக்கும் சித்தி வீட்டை வைத்துத்தான். (காலடிப்பேட்டை என்பது காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு.) வீட்டின் முகப்பை மாற்ற வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு ஆசை. கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் எமல்ஷன், கீழே மூணு அடிக்கு டைல்ஸ். ஏழு வருஷம் முன்னால் வேறொருவர் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்து, ரெண்டு மழைக்குள் அது உப்பிப் போனது. இந்த முறை போகப்போவது சித்தியின் ரிடையர்மென்ட் பணம். "பணம் போனா போகட்டும்பா, மறுபடி மறுபடி போகக்கூடாது" என்றார் சித்தி. அதனால் கொஞ்சம் படித்தேன், ரெண்டு மூணு பழைய மேஸ்திரிகளிடம் பேசினேன். அதன் குறிப்புகள் இவை.

முதலில், அது என்ன சுவர்?

இந்தியாவில் போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904ல் நம்ம சென்னையில்தான் நடந்தது, அதுவும் கிளிஞ்சலை வைத்து. அது நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில்தான் உற்பத்தி ஒழுங்காகத் தொடங்கியது. அதற்கு முன்னால் கட்டியது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான், 1856ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் உட்பட. சிமெண்ட் வந்த பிறகும் சாதாரண வீடுகளில் பல வருஷம் சுண்ணாம்பு தொடர்ந்தது.

நமக்கு அந்தச் சுண்ணாம்பு வந்த வழி சுவாரசியமானது. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்துக் கழிமுகங்களில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலும் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணியும் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாக உள்ளே இழுத்து மறுபடி கல்லாகும். கிளிஞ்சலாக இருந்தது சுற்றி வந்து சுவரில் கிளிஞ்சலாகவே நிற்கிறது. மேல்பூச்சில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்ததைத்தான் 'மெட்ராஸ் சுண்ணம்' என்று வெள்ளைக்காரர்கள் பளிங்கோடு ஒப்பிட்டார்கள்.

உங்கள் வீட்டுச் சுவர் எது என்று கண்டுபிடிக்க லேப் தேவையில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு நாணயத்தால் சுரண்டுங்கள். வெள்ளையாக மாவு மாதிரி கொட்டினால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், நாணயமே தேய்கிற மாதிரி இருந்தால் சிமெண்ட். சுவர் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி கனம் இருந்து, செங்கல் மெல்லிசாக இருந்து, மேலே தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சித்தி வீடு இந்த ரகம்.

ஓதம்

ஓதம் என்றால் பழைய தமிழில் கடல் அலை, கடல் பெருக்கு. வீட்டுச் சுவரின் ஈரத்துக்கும் அதே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம். வடசென்னையைப் பொறுத்தவரை ரெண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

பழைய சுவர்களுக்கு ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, செங்கல்லின் நுண்துளைகள் மண்ணிலிருந்து தண்ணியை இழுக்கும். அது மூணு நாலு அடி வரை ஏறும். அந்தத் தண்ணியில் உப்பு இருக்கும். காற்றிலிருந்து வந்து படிகிற உப்பு தனி.

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே போனால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதேதான். சென்னையில் பல நாட்கள் ராத்திரியும் விடியற்காலையும் இந்தக் கோட்டுக்கு மேலே, மதியம் கோட்டுக்குக் கீழே. அதாவது சுவருக்குள் இருக்கும் உப்பு வருஷத்தில் பல நாட்கள் கரைந்து, மறுபடி உறைகிறது. உறையும்போது படிகம் வளர்ந்து, துளையின் சுவரைத் தள்ளும். இப்படி நூற்றுக்கணக்கான தடவை தள்ளினால் செங்கல்லே மாவாகும்.

சுண்ணாம்புப் பூச்சு இதைத் தடுக்கவில்லை, தாங்கிக்கொண்டது. அதில் துளைகள் அதிகம் என்பதால் ஈரம் எளிதாக வெளியே வந்து காற்றில் ஆவியானது. உப்பு பூச்சின் மேற்பரப்பிலேயே பூத்தது. பொங்கலுக்குப் பொங்கல் துடைப்பத்தால் தட்டிவிட்டு, வெள்ளையடித்தார்கள். உதிர்ந்தது மலிவான பூச்சு, பிழைத்தது செங்கல்.

சிமெண்டும் எமல்ஷனும் என்ன செய்கின்றன?

நான் ப்ரோக்ராம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது ஒரு க்யூ மாதிரி தெரிகிறது. உள்ளே வரும் வேகம் வெளியே போகும் வேகத்தைவிட அதிகமானால் க்யூ நிரம்பியே தீரும். சிமெண்ட் பூச்சு கெட்டி. சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியாக மழைத்தண்ணி உள்ளே போகும். ஆனால் எமல்ஷன் படலம் அடைத்துக்கொண்டிருப்பதால் திரும்பி வர வழியில்லை. கீழேயிருந்து ஏறும் ஓதமும் மாட்டிக்கொள்ளும். உப்பு வெளியே பூக்காமல் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகும். அதுதான் நாம் பார்க்கும் உப்பல். தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வருவது அங்கேதான்.

கீழே மூணு அடிக்கு டைல்ஸ் ஒட்டுவது இன்னும் மோசம். பார்வைக்கு ஓதம் மறையும். ஆனால் ஆவியாக வழியில்லாத தண்ணி, டைல்ஸைத் தாண்டி நாலாவது, அஞ்சாவது அடிக்கு ஏறும். நம்ம தெருக்களில் டைல்ஸ் வரிசைக்குச் சற்று மேலே ஒரு ஈரக்கோடு ஓடுவதைப் பாருங்கள், காரணம் இதுதான். கருங்கல் க்ளாடிங், அலுமினிய ஷீட் எலிவேஷன் எல்லாவற்றுக்கும் இதே கதை.

மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. எரிபொருள் எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்தால் ஜிப்சமாகும். மழை படும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். சன்ஷேடுக்கு அடியில், கார்னிஸ் மடிப்பில் கரித்தூளையும் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொருக்காக நிற்கும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பொருக்கோடு சேர்ந்து வரும்.

ரோடு ஏறியது, வீடு இறங்கியது

பழைய மேஸ்திரி ஒருவர் சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. "செவுரு மாறல சார், ரோடு மாறிடுச்சு." ஒவ்வொரு தடவையும் பழைய தாரின்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூணு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். முன்பு வெயில் பட்டுக் காய்ந்த அடிச்சுவர் இன்று மண்ணுக்குள். மழைத்தண்ணி சுவரடியில் நிற்கிறது. 2021ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டதற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே ஏறிய உயரத்துக்கு அதில் தீர்வில்லை.

திண்ணையை இடித்ததும் கணக்கில் சேரும். திண்ணையும் அதன் மேல் இறக்கிய ஓட்டுச் சாய்ப்பும் உட்கார மட்டும் இல்லை. சாரல் அடிச்சுவரில் படாமல் காத்தன. பைக் நிறுத்த அதை எடுத்த வீடுகளில் முகப்புச் சுவர் நேரடியாக நனைகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வரிசை முக்கியம். பெயிண்ட் கடைசி.

1. தண்ணி வரும் வழியை அடையுங்கள்: மாடித் தூம்பு, ஒழுகும் குழாய், சுவரடியில் தேங்கும் தண்ணி. இடம் இருந்தால் சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி ஜல்லி நிரப்பலாம்.

2. ஒரு அடிச் சதுர பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தக் கம்பெனி பெயிண்டும் நிற்காது.

3. டொக்கு சத்தம் வரும் சிமெண்ட் பூச்சை, ஓதக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை உடைத்து எடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதை வலுக்கட்டாயமாக உடைத்தால் செங்கல் முகம் பெயர்ந்து வரும், அதை விட்டுவிடலாம்.

4. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே கொட்டியதை அள்ளிப் போடுங்கள். தண்ணி ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேயே போகும். மார்ச் முதல் ஜூன் வரை சுவரைத் திறந்து காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

5. சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, சில நாட்கள் நனைத்து வையுங்கள். சுண்ணாம்பு அவசரத்துக்கு இறுகாது.

6. மேலே சுண்ணாம்பு வெள்ளை, அல்லது காவி மாதிரி மண் நிறம் கலந்த சுண்ணாம்பு. பெயிண்ட்தான் வேண்டும் என்றால், நீராவியை வெளியே விடும் சிலிகேட் வகை.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1970, 80களில் கட்டிய கான்கிரீட் வீட்டில் பிரச்சினை வேறு: உப்பு கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் சன்ஷேடு கீழ்ப்பக்கம் வெடித்துக் கம்பி தெரியும். ஐஎஸ் 456 விதி, கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி எம் 30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் கேட்கிறது. அந்தக் கால சன்ஷேடுகளில் பலதில் அதில் பாதிகூட இருக்காது. அங்கே வெடித்ததை உடைத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவை எடுத்து, பாலிமர் கலவையால் ஒட்ட வேண்டும். அதன்பின் நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் அங்கே சரியான தேர்வுதான்.

சித்தி வீட்டில் எஸ்டிமேட்டை இப்படி மாற்றி எழுதியிருக்கிறோம்: டைல்ஸும் பட்டியும் வெளியே, வாய்க்காலும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ளே. தம்பிக்கு முகப்பு பழைய மாதிரியே இருக்குமே என்று வருத்தம். மரத்தூண்களுக்கு எண்ணெய் ஏற்றி, கம்பி ஜன்னலுக்கு நல்ல பச்சை அடித்துத் தருகிறோம் என்று சமாதானம் செய்திருக்கிறோம். மூணு வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்தே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது என்பதைச் சித்தியிடம் முன்பே சொல்லிவிட்டேன். "அது தெரிஞ்ச செலவுதானே" என்றார்.