அடுத்தது பெரிதாக வருமா? தாயக்கட்டை சொல்லும் கணக்கு

2025 ஆகஸ்டு 24, ஞாயிறு காலை 6.13. ஜொகூர், சிகாமட்டில் 4.1 அளவில் நில நடுக்கம். மலாக்காவிலும் அந்த அசைவு உணரப்பட்டது. சுமத்ரா ஆடினால் இங்கே உயரமான கட்டடங்கள் அசைவது நமக்குப் பழக்கம்தான். இம்முறை ஆடியதோ பக்கத்து ஊர்.

அடுத்த சில நாள்களிலும் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. ஜாசின் பக்கம் பழைய தோட்ட வீட்டில் இருக்கும் என் பெரியம்மா, பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். “இதைவிடப் பெருசா வருமாப்பா? வாட்ஸ்அப்ல தேதியெல்லாம் போட்டு அனுப்புறாங்களே!”

தேதி சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். அதற்கான வழி உலகில் எவரிடமும் இல்லை. ஆய்வாளர்கள் செய்வது வேறு: கணினிக்குள் தாயம் உருட்டுகிறார்கள்.

எல்லா எண்ணும் சமமாக விழும் தாயம் அல்ல அது. முதல் நாள் நூறு பின்அதிர்வுகள் என்றால் பத்தாம் நாள் சுமார் பத்துதான் வரும். ஜப்பானியர் ஒமோரி 1894இல் கண்ட விதி இது. 4 அளவில் ஒன்று வரும் இடத்தில் 3 அளவில் பத்து வரும் என்றார்கள் குட்டன்பெர்க்கும் ரிக்டரும். இரண்டையும் 1988இல் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தார் ஒகாத்தா. அவர் கணக்கில் ஒவ்வோர் அதிர்வும் பிள்ளை பெறும். பிள்ளைகளும் பிள்ளை பெறும். எத்தனை, எப்போது, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் உருட்டலில் விழும். அபூர்வமாகப் பிள்ளை தாயைவிடப் பெரியதாகிவிடும். பெரியம்மாவின் பயம் அதுதான்.

கணினி பத்தாயிரம் முறை உருட்டுகிறது. 500 முறை பெரியது வந்தால், வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. கலிபோர்னியாவின் நீண்ட காலப் பதிவுகளும் ஏறக்குறைய அதையே காட்டுகின்றன: ஓர் அதிர்வுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வர நூற்றுக்கு ஐந்து. அதுவும் நாளுக்கு நாள் தேயும். ஆகவே முதல் சில இரவுகள் வாசலில் படுத்த பெரியம்மாவைக் கேலி செய்தவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. விரிசல் விட்ட சுவரோரம் கட்டில் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

ஆனால் கலிபோர்னியாக் கணக்கை இங்கே அப்படியே இரவல் வாங்க முடியாது. நம் தீபகற்பத்தில் 2007 முதல் 2009 வரை பகாங் புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் வந்தன. மொத்தத்தில் பதிவுகள் சொற்பம். தாயத்தைச் சரியாகச் செய்ய உள்ளூர்ப் பதிவு வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை, அசைவை உணர்ந்தவர்களிடம் இணையத்தில் கேள்விப் படிவம் கேட்கிறது. அடுத்த முறை ஆடினால், வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன் அதை நிரப்புங்கள்.