கதவைத் தட்டும் கஞ்சா மிட்டாய்

"தம்பி, பேரப்பிள்ளைக்கு இனிப்பு வந்திருக்கோ?"

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் பதினான்காவது மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. நெற்றியில் திருநீறு, தோளில் கம்பளிச் சால்வை. உள்ளே குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. என் கையில் ஒரு சிறிய காகிதப் பை. அம்மா சொன்னது முழுப் பிழையும் இல்லை. பைக்குள் இருந்தது மாம்பழச் சுவையுள்ள ஜெலி இனிப்புத்தான். ஆனால் கஞ்சாச் சத்து கலந்தது.

"உங்கட மகன் நிக்கிறாரோ, அம்மா?"

"அவன் குளிக்கிறான். என்னட்டைத் தாரும், நான் குடுக்கிறன்."

இங்கே கஞ்சா வாங்க 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அம்மா அதை நாலு மடங்கு தாண்டியவர். ஆனாலும் நான் கொடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தாயிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது மகனின் சொந்த விஷயம். சொல்லாமல் கொடுத்தால் அந்தப் பை நேராகக் குசினி மேசைக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரப்பிள்ளைக்கு அம்மா அன்போடு எடுத்துக் கொடுப்பார். "அவரே வந்து வாங்க வேணும் அம்மா, நான் நிக்கிறன்" என்று சொல்லிப் பத்து நிமிடம் வாசலில் நின்றேன். மகன் தலை துவட்டியபடி வந்தார். தாயை ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை வாங்கினார்.

எனக்கு 61 வயது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை. அதை மூடிய பிறகு, வாரத்தில் நாலு நாள் ஒரு கஞ்சாக் கடைக்கு டெலிவரி செய்கிறேன். ஊரில் "கேரளக் கஞ்சா பிடிபட்டது" என்று பேப்பரில் வாசித்து வளர்ந்த சனம் நாங்கள். அதனால் சொந்தக்காரர் கேட்டால் என் மனைவி, "ஒரு கடையில டெலிவரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன கடை என்று கேட்பவர்களுக்கு உடனே தேத்தண்ணி வந்துவிடும்.

சட்டம் வந்த வழி

நாடு முழுவதும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய முதல் நாடு உருகுவே, 2013இல். இரண்டாவது கனடா. இங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 அக்டோபர் 17. அன்று விற்கலாம் என்றிருந்தவை காய்ந்த பூவும் எண்ணெயும் போன்றவைதான். தின்பண்டத்துக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 17இல் விதிகள் வந்தன. ஒன்ராறியோவில் இனிப்புகள் விற்பனைக்கு வந்தது 2020 ஜனவரியில்.

எங்கே, எப்படி விற்பது என்பதை ஒவ்வொரு மாகாணமும் தானே தீர்மானிக்கிறது. ஒன்ராறியோவில் வயது 19, அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. இங்கே முதலில் ஒன்ராறியோ கன்னபிஸ் ஸ்டோர் என்ற அரச நிறுவனம் மட்டும் இணையவழி விற்றது. தனியார் கடைகள் 2019 ஏப்ரலில் திறந்தன. கொரோனாவின்போது, 2020இல், அந்தக் கடைகளும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தற்காலிக அனுமதி வந்தது. 2022 மார்ச்சில் அது நிரந்தரமாகி, எனக்கு இந்த வேலை கிடைத்தது.

ஒரு நிபந்தனை: தனியார் கடையிலிருந்து கொண்டுபோகிறவர் அந்தக் கடையின் ஊழியராகவே இருக்க வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் ஆப் பையன்களிடம் கொடுத்தனுப்ப முடியாது. அந்த ஆப் வழியாக ஓடர் எடுக்கலாம், ஆனால் கதவைத் தட்டுவது கடையின் ஆளாகத்தான் இருக்கும். அதற்காக நானும் 'கான்செல்' என்ற பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். பொருளைப் பற்றிப் பேசுவதைவிட, யாருக்குக் கொடுக்க மறுக்க வேண்டும் என்பதைத்தான் அங்கே நான் அதிகம் கற்றேன்.

ஓடர் போட்டால் என்ன நடக்கும்?

இணையத்தில் கடையைத் திறந்ததும் முதல் கேள்வி பிறந்த தேதி. பிறகு இனிப்பா, சொக்லேட்டா, பானமா என்று தெரிவு. ஒரு பை இனிப்பு ஐந்தாறு டாலருக்கும் கிடைக்கும். பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடியது 30 கிராம் காய்ந்த கஞ்சா, அல்லது அதற்குச் சமமான வேறு வடிவம். ஒரு ஓடரும் அந்த அளவைத் தாண்டக்கூடாது. தின்பண்டத்துக்கு 15 கிராம் என்பது ஒரு கிராம் காய்ந்த கஞ்சாவுக்குச் சமம். கணக்குப் பார்த்தால் 450 கிராம் இனிப்பு. சீனியும் ஜெலியும் அந்த நிறைக்குள் அடக்கம்.

காலை 9 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில்தான் டெலிவரி. வாசலில் வைத்துவிட்டுப் போகவே கூடாது. பனி கொட்டினாலும் ஆள் வந்து கையில் வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பை கடைக்குத் திரும்பும். வெறியில் நிற்பவருக்கும் கொடுப்பதில்லை. இளையவராகத் தெரிந்தால் அடையாள அட்டை கட்டாயம். எங்கள் கடையில் நரைத்த தலையிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வயதானவர்கள் சிரித்துக்கொண்டே சுகாதார அட்டையை நீட்டுவார்கள். அது இங்கே வயதுச் சான்றாகச் செல்லாது. சாரதி லைசென்ஸ், கடவுச்சீட்டு, நிரந்தரவாசி அட்டை போன்றவை வேண்டும்.

"தம்பி, இது நித்திரைக்கு நல்லதோ? முழங்கால் நோவுக்கு எது?" என்று கேட்காத வீடு குறைவு. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கடைக்காரர் மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது. மருந்தாக வேண்டுமென்றால் டாக்டரின் கடிதத்தோடு, அதற்கென்று உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அது வேறு பாதை. ஒன்று மட்டும் சொல்வேன்: "ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறீங்களோ? அப்ப டாக்டரிட்டக் கேளாமல் வாயில வைக்க வேண்டாம்." வெறி தராது என்று பெயர் எடுத்த சி.பி.டி. என்ற சத்துக்கூட அந்த மருந்தோடு மோதும்.

பைக்குள் இருப்பது

கஞ்சாவைத் தின்பது புதிதல்ல. வட இந்தியாவில் இலையை அரைத்துப் பாங் என்று பாலில் கலந்து குடிக்கிறார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம்கூட, பூவும் பிசினும் சேராத இலையைக் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே விட்டது. பாங்கில் பால் வீணாகச் சேரவில்லை. வெறி தரும் டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பச்சைச் செடியில் அது வேறு வடிவில் இருக்கிறது, சூடுபட்டால்தான் டி.எச்.சி. ஆகிறது. இன்றைய தொழிற்சாலையும் அதே சூத்திரத்தைத்தான் அளந்து செய்கிறது.

அளவுதான் விஷயம். கனடாவில் ஒரு பொதிக்குள் மொத்தம் 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்கக்கூடாது. ஒரே துண்டாகவும் இருக்கலாம், நாலு துண்டாகப் பிரித்தும் இருக்கலாம். சாராயமோ நிக்கொட்டினோ சேர்க்கக்கூடாது. சாதாரண உணவு செய்யும் அதே கட்டடத்தில் இதைச் செய்யவும் கூடாது. பொதியில் பளபளப்பு இல்லை, பொம்மைப் படம் இல்லை. கஞ்சா இலை பொறித்த சிவப்பு எண்கோணச் சின்னமும், மஞ்சள் கட்டத்துக்குள் எச்சரிக்கையும், வரி முத்திரையும் இருக்கும்.

பை குழந்தைகளால் திறக்க முடியாதபடி செய்யப்பட்டது. விரல் மூட்டு நோவுள்ள கிழவர்களாலும் திறக்க முடியாது என்பதை அதைச் செய்த மூளைசாலிகள் யோசிக்கவில்லைப் போலும். "வெட்டித் தந்திட்டுப் போம் தம்பி" என்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டிய பிறகு அது பாதுகாப்புப் பை அல்ல, வெறும் இனிப்புப் பை. ஆகவே நான் வெட்டிக் கொடுப்பதில்லை.

மச்சானின் இரவு

புகைத்தால் சில நிமிடங்களிலேயே தெரியும். தின்றால் கதை வேறு. குடலுக்குள் போய், ஈரலைக் கடந்து, அங்கே இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறி மூளைக்கு ஏற வேண்டும். அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. உச்சத்துக்கு வர நாலு மணி நேரம்கூட ஆகலாம். பன்னிரண்டு மணி நேரம்வரை நிற்கும். மறுநாளும் மிச்சம் இருக்கலாம். புதியவர் 2.5 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று கனடா சுகாதாரத் துறை சொல்வது இதனால்தான். பத்து மில்லிகிராம் துண்டு என்றால் அதில் கால் பங்கு.

இதை என் மச்சானுக்கு நான் சொல்லவில்லை. போன மார்கழியில் இரண்டு பை வாங்கி வைத்திருந்தார். ஒரு முழுத் துண்டைத் தின்றார். முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பார்த்தார். "சீனிப்பாகு மாதிரித்தான் கிடக்கு, ஏமாத்துக்காரர்" என்று சொல்லி இரண்டாவது பையையும் உடைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அக்கா எனக்குப் போன் எடுத்தார். "உன்ர அத்தான் சாகப் போறன் எண்டு சொல்லுறார்."

நான் போனபோது சோபாவில் வியர்த்துக் கிடந்தார். நெஞ்சு படபடப்பு. சுவர் நெருங்கி வருகிறது என்றார். ஒரு வசனத்தைத் தொடங்கி நடுவில் மறந்தார். நச்சுத் தகவல் மையத்துக்குப் போன் எடுத்தோம். வயது, நிறை, தின்ற அளவு, மற்ற மருந்துகள் எல்லாம் கேட்டார்கள். தனியே விடாதீர்கள், மூச்சைக் கவனியுங்கள், நெஞ்சு நொந்தாலோ எழுப்ப முடியாமல் போனாலோ 911 என்றார்கள். விடியும்வரை நானும் அக்காவும் மாறி மாறி விழித்திருந்தோம். காலையில் "வேலைக்குப் போகப் போறன்" என்று கார்ச் சாவியைத் தேடினார். சாவியை நான் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இருபத்தொரு வயதினருக்கும் அதற்குக் குறைந்தவர்களுக்கும், ஜி2 போன்ற புதிய சாரதிகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்ராறியோவில் உடலில் ஒரு துளி கஞ்சாவோடும் வாகனம் ஓட்ட அனுமதி இல்லை. மற்றவர்களுக்கும் ரத்தத்தில் இவ்வளவுதான் என்று குற்றவியல் சட்டம் அளவு வைத்திருக்கிறது.

மச்சானின் நிறை 80 கிலோ. அதே பை நாலு வயதுப் பிள்ளையின் கையில் கிடைத்தால்? பிள்ளை ஒன்றோடு நிறுத்தாது. அளவு மீறினால் மயக்கமும் மூச்சுத் திணறலும் வரை போகும். தின்பண்டம் விற்பனைக்கு வந்த பிறகு, தெரியாமல் தின்று ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் தொகை கனடாவில் உயர்ந்தது. கியூபெக் மாகாணம் கஞ்சா மிட்டாயையும் சொக்லேட்டையும் விற்க விடவில்லை. அங்கே அந்த உயர்வு மற்ற பெரிய மாகாணங்களைவிடக் குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கஞ்சா விற்கும் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே சொல்கிறேன், கியூபெக் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு எச்சரிக்கை

இணையத்தில் "500 மில்லிகிராம்" என்று பிரபல மிட்டாய்க் கம்பனியின் பை மாதிரியே அச்சடித்து விற்கும் தளங்கள் இருக்கின்றன. கனேடியக் கொடியும் போட்டிருப்பார்கள், தபாலில் வீட்டுக்கும் வரும். அது சட்டபூர்வமானதல்ல. டி.எச்.சி. 10 மில்லிகிராமைத் தாண்டினாலோ, வரி முத்திரை இல்லையென்றாலோ, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அடுத்தது பயணம். "ஊருக்குப் போகேக்க அண்ணைக்கு ஒரு பை கொண்டு போகலாமோ?" என்று ஒருவர் கேட்டார். கனடாவுக்குள் விமானத்தில் கொண்டுபோகலாம். எல்லையைத் தாண்டினால் குற்றம். கஞ்சா விற்கும் அமெரிக்க மாநிலத்துக்குப் போனாலும் அதேதான். கொழும்பிலோ சென்னையிலோ அந்த இனிப்பு வெறும் கஞ்சா வழக்கு.

நான் பையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் சட்டத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வயது பார்த்தது, அளவு பார்த்தது, பொதியைப் பூட்டியது எல்லாம் வாசலோடு சரி. அந்தப் பை உள்ளே எந்த அலுமாரிக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே இதை வாசிப்பவர்களில் வாங்குகிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஓடர் போடுவதற்கு முன்னால் ஒரு சிறிய பூட்டுப்பெட்டி வாங்கி உயரத்தில் வையுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், வெட்கமாக இருந்தாலும், அது இனிப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா இலக்கம் 1-844-764-7669. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.